ஜாக் இல்லாத கிட்டார்

அம்மாபேட்டையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் மைக் செட் பெரும்பாலும் இராஜாங்கத்துடையதாகத்தான் இருக்கும். பதினெட்டு வயதில் ஒரு வாடகை சைக்கிளின் பின்னால் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர். இப்போது வயது ஐம்பத்து நான்கு. ஒரு குட்டியானை வண்டி, ஆள் உயரத்துக்கு எட்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு பெரிய மிக்சர், கடைத்தெருவில் மனைவி பெயரில் ‘மங்களா ஒலி ஒளி’ என்று ஒரு கடை. இது போக ஆறு மா நஞ்சை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அதில் சம்பா மட்டும் சொந்தமாகப் போடுவார். குறுவையைக் குத்தகைக்கு விட்டுவிடுவார், ஆடி மாதத்தில் அவருக்கு வயலில் நிற்க நேரம் இருக்காது.

சத்தத்துக்குப் பெயர் போனவர். அவர் செட்டு அலறினால் வெண்ணாற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் என்ன பாட்டு என்று தெரியும். “ராஜாங்கம் செட்டா? காதைக் கிழிச்சிரும்ல!” என்பார்கள். கேட்டால் அவருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

சென்ற தை மாதம் அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு முற்பகலில் எல்சி அவர் கடைக்கு வந்தாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். மஸ்கட்டில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவளுடைய ஊர் வெண்ணாற்றங்கரையில், அம்மாபேட்டையிலிருந்து ஆறு கிலோமீட்டர். அந்த ஊர் லுத்தரன் சபையில் வருகிற ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. செட்டு போடுவதற்கு இராஜாங்கத்திடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

“அண்ணே, பண்டிகையன்னிக்கு சாயந்தரம் நான் இருபது நிமிஷம் கிட்டார் வாசிக்கணும். முன்னாடியே உங்ககிட்ட காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்” என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தாள்.

இராஜாங்கம் கிட்டாரை வாங்கித் திருப்பினார். அடியில் பார்த்தார், பக்கவாட்டில் தடவினார். “ஜாக் எங்க சிஸ்டர்?”

“ஜாக் இல்லண்ணே. இது கிளாசிக்கல் கிட்டார்.”

“கிளாசிக்கல்னா கர்நாடக சங்கீதமா?”

“இல்லண்ணே. நைலான் கம்பி போட்டது. விரல் நகத்தாலயே வாசிக்கணும். வெளிநாட்டுல ரூமுக்குள்ள உக்காந்து வாசிக்கிறது. மஸ்கட்ல என்கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தங்க கத்துக்கொடுத்தாங்க. ஊருக்குத் திரும்பும்போது இதையும் எனக்கே கொடுத்துட்டாங்க.”

ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சின்ன மெட்டை வாசித்துக் காட்டினாள். வெளியே நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது. அது போய் முடியும் வரை ஒன்றுமே கேட்கவில்லை. இராஜாங்கம் குனிந்து கிட்டாருக்கு ஒரு முழம் தள்ளிக் காதைக் கொண்டுவந்தார். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவது போலிருந்தது.

“நானூறு பேர் வருவாங்க. அவங்களுக்குக் கேக்கணும். ஆனா இப்படியே கேக்கணும்” என்றாள் எல்சி.

“இப்படியேன்னா?”

“சத்தம் கூடலாம். கிட்டார் மாறக்கூடாது.”

முப்பத்தாறு வருடத் தொழிலில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சத்தம் கூடினால் கூடிவிட்டுப் போகிறது, அதில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? புரியவில்லை. ஆனாலும் “ஒண்ணும் கவலைப்படாதீங்க சிஸ்டர், கிட்டாரை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க” என்றார். அவள் விடவில்லை. டியூட்டி முடிந்ததும் தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு முதல் முயற்சி. ஒரு பாட்டுக்கச்சேரிக் குழு எப்போதோ மறந்துவிட்டுப் போன பிக்கப் ஒன்று கடையில் இருந்தது. கிட்டாரின் ஓட்டைக்குக் குறுக்கே மாட்டும் காந்தக் கட்டை. மாட்டி ஒயரைச் செருகி, “வாசிங்க” என்றார். எல்சி வாசித்தாள். பெட்டியில் ஒன்றும் வரவில்லை. ஒயரை மாற்றினார். மிக்சரில் வேறு வழியில் செருகினார். பெட்டியை மாற்றினார். வண்டி ஓட்டும் வீரையனைக் கூப்பிட்டு, “கரண்டு சரியா வருதா பாரு” என்றார். கரண்டு நன்றாகத்தான் வந்தது. ஒரு மணி நேரம் போனது. ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப் மேல் தட்டினால் டொக்கென்று ஊரே அதிர்ந்தது. எல்சி வாசித்தால் மட்டும் மயான அமைதி.

கடைசியில் அதிராம்பட்டினத்தில் சவுண்ட் சாமான் கடை வைத்திருக்கும் இப்ராஹிமுக்குப் போன் போட்டார். இருபது வருடப் பழக்கம்.

“பாய், காந்தப் பிக்கப் போட்டேன். சாமான் நல்லாருக்கு, ஒயர் நல்லாருக்கு, சத்தம் வரல.”

“என்ன கம்பிப்பா?”

“நைலான்.”

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. “ராஜாங்கம், காந்தம் இரும்பைத்தானேப்பா புடிக்கும். நைலான்ல இரும்பு எங்கேர்ந்து வரும்?”

இராஜாங்கம் போனைப் பிடித்தபடி கிட்டாரைப் பார்த்தார். “மேல இருக்கிற மூணு கம்பி வெள்ளி மாதிரி மின்னுதே பாய்?”

“அதுவும் உள்ள நைலான்தான். மேல செம்புக் கம்பி சுத்தி வெள்ளி பூசியிருப்பான். இரும்பு கிடையாது.” பிறகு இப்ராஹிம் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். கம்பி உட்காரும் எலும்புத் துண்டுக்கு அடியில் பட்டையாக ஒரு பிக்கப் வைக்கலாம். அதற்குக் கிட்டாரின் அடியில் ஓட்டை போட வேண்டும். பலகையின் மேல் ஒட்டும் பிக்கப் இருக்கிறது. கழற்றிக்கொள்ளலாம், ஆனால் கை பட்டாலும் சத்தம் வரும். மைக் வைக்கலாம், கிட்டார் கிட்டாராகவே கேட்கும், ஆனால் ஊளையிடும். இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். “எதைச் செஞ்சாலும் ஒரு குறை இருக்கும்பா. எந்தக் குறையோட வாழ முடியும்னு அவங்களையே கேளு.”

இராஜாங்கத்துக்குத் தலை சுற்றியது. ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே எல்சி கிட்டாரை மடியில் இறுக்கிக்கொண்டாள். அது முடியாது என்று ஆயிற்று. ஒட்டும் பிக்கப் தஞ்சாவூரில் கிடைக்கும்; வீணைக் கச்சேரிகளில் அதைத்தான் ஒட்டுவார்கள். தெரிந்த ஒருவரிடம் வீரையனை அனுப்பி மறுநாளே வாங்கி வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அதை ஒட்டினார்கள். கம்பிகள் வந்து முடியும் கட்டைக்குப் பக்கத்தில், பிசைந்த மெழுகு போன்ற ஒரு பசையால். இந்த முறை சத்தம் வந்தது. நன்றாகவே வந்தது. இராஜாங்கம் முகம் மலர்ந்து எல்சியைப் பார்த்தார். எல்சி வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அண்ணே, இது என் கிட்டார் இல்ல. தகர டப்பாவுல தட்டுற மாதிரி இருக்கு.”

“நல்லா தெளிவா இருக்கே சிஸ்டர்?”

“ரொம்பக் கூர்மையா இருக்குண்ணே. என் சட்டைப் பொத்தான் ஒரசுறதுகூடக் கேக்குது.”

இராஜாங்கத்துக்குப் பொத்தான் சத்தம் கேட்கவில்லை. மெனக்கெட்டுக் கேட்டார். இல்லை. ஒருவேளை சங்கீதம் படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுபடி இப்ராஹிமுக்குப் போன். ஒட்டும் பிக்கப்பை நேராக மிக்சரில் செருகினால் அப்படித்தான் சப்பென்று தகரமாய் வரும், நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்றார் இப்ராஹிம். பட்டுக்கோட்டை பஸ் கண்டக்டர் கையில் அன்று மாலையே அந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அதை நடுவில் போட்டதும் கிட்டாருக்கு உடம்பு வந்தது. தடித்த கம்பிகள் கனத்து ஒலித்தன. எல்சி தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தாள். “பரவால்ல. ஆனா இன்னும் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பேசுற மாதிரி இருக்கு. மைக்கையும் வச்சுப் பார்க்கலாமாண்ணே?”

சனிக்கிழமை மதியம் சபைக் கோயில் வளாகத்தில் செட்டை இறக்கினார்கள். பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் நெற்கதிர்க் கட்டுகள், பூசணிக்காய், வாழைத்தார். சபைச் செயலாளரும் பள்ளி ஆசிரியருமான ஜெனித் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். இராஜாங்கம் பாடகர் குழுவுக்கு வைக்கும் பென்சில் மைக்கை எடுத்து, கிட்டாரின் ஓட்டைக்கு நேராக நிறுத்தினார். சத்தம் வருவது அங்கிருந்துதானே. எல்சி முதல் கம்பியைத் தொட்டதும் ங்ங்ங் என்று ஓர் ஊளை கிளம்பிப் பந்தல் முழுக்க உருண்டது. கதிர்க்கட்டில் உட்கார்ந்திருந்த குருவிகள் எல்லாம் பறந்தன.

மைக்கை மெல்ல மெல்ல நகர்த்தினார். கிட்டாரின் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் வைத்ததும் ஊளை அடங்கியது. மிச்சமிருந்த ங்ங் சத்தத்தை மிக்சரில் தேடிப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் வெட்டினார். இதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. கிட்டார் இப்போது கேட்டது. ஆனால் அவர் காதுக்கு மங்கலாக, கம்பளிக்குள்ளிருந்து வருவது போல. வழக்கம்போல மேல் ஸ்தாயிக்கான குமிழைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஆ, இப்போதுதான் துலக்கமாக இருக்கிறது என்று நிமிர்ந்தார்.

எல்சி கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தியிருந்தாள்.

“என்ன சிஸ்டர்?”

“கீ…ன்னு கேக்குதே, அண்ணே!”

“என்ன கீ?”

இராஜாங்கம் கூர்ந்து கேட்டார். ஒன்றுமில்லை. தூரத்தில் அறுவடை இயந்திரம் ஓடும் சத்தம், வளாகத்துக்கு வெளியே யாரோ பைக்கை உதைக்கும் சத்தம். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தார். ஜெனித் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு காதை விரலால் அடைத்திருந்தார். வீரையன் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தான்.

“ஏய் வீரையா, உனக்கும் கேக்குதா?”

“மண்டைக்குள்ள ஊசி ஏறுதுண்ணே. குறைங்க!”

மூன்று பேரும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. கோபம்கூட வந்தது. ஆனால் சபைச் செயலாளர் விளையாடுகிற ஆள் இல்லை. இராஜாங்கம் பெட்டிக்கு நேராகப் போய் நின்றார். காதை அதன் வாயருகே வைத்தார். எதுவும் இல்லை. எல்சி ஓடி வந்து குமிழைக் கீழே திருப்பிவிட்டு அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். “அவ்வளவு பக்கத்துல போகாதீங்கண்ணே!”

அவள் தன் கைபேசியில் ஏதோ ஒரு செயலியைத் திறந்தாள். சத்தத்தைப் படமாகக் காட்டுவது. இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் கூர்மையான சத்தம் என்று விளக்கிவிட்டு, குமிழை மறுபடி கொஞ்சமாகத் திருப்பினாள். திரையின் வலது பக்கம், ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், கருவேல முள் போல ஒரு கோடு விறைத்து நின்றது. வீரையன் மறுபடி காதைப் பொத்தினான்.

“இதுதாண்ணே அந்தக் கீ” என்றாள்.

இராஜாங்கம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோடு இருந்தது. சத்தம் இல்லை. அவள் குமிழைக் குறைத்தால் கோடு படுத்தது, கூட்டினால் எழுந்தது. படம் பொய்யா, காது பொய்யா என்று அவருக்குப் புரியவில்லை. கண் எதிரே நிற்கும் ஒரு மனிதனை எல்லோரும் பார்த்து வணங்கி, தனக்கு மட்டும் அங்கே வெற்றிடம் தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. “நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். வீரையன் மறுபாதியில் வண்டியை ஊர விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டவில்லை. மனைவி மங்களாம்பிகை அடை வார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு அடை தின்றார். மூன்றாவதை வேண்டாம் என்றார்.

“மங்களா, ஒண்ணு கேக்குறேன். உள்ளதைச் சொல்லு. எனக்குக் காது கேக்கலையா?”

அவள் கரண்டியைக் கல்லிலேயே வைத்துவிட்டாள். “கேக்குது. எல்லாம் கேக்கல” என்றாள்.

“எப்பேர்ந்து?”

“அனு காலேஜ் சேர்ந்த வருஷத்துலேர்ந்துன்னு நெனக்கிறேன். அவ போன்ல பேசுனா என்ன சொல்றான்னு புரியலன்னு எங்கிட்டக் கொடுத்துருவீங்க. போனு கோளாறுன்னு மூணு போன் மாத்துனீங்க. கொசு காதுகிட்ட வந்து கத்துனாலும் அசைய மாட்டீங்க. ஆம்பளைங்க பேசுனா பதில் சொல்லுவீங்க. சின்னப் பிள்ளைங்க வந்து ஏதாவது கேட்டா சும்மா சிரிச்சிட்டுப் போயிருவீங்க.”

அனுராதா அவர்களுடைய மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் வளர வளர வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டாள் என்றுதான் இராஜாங்கம் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? கடையை மூடியிருப்பீங்க. இல்லன்னா எங்கிட்டச் சண்டை போட்டிருப்பீங்க.” கல்லில் அடை கருகும் வாசனை வந்தது. அவள் திருப்பிப் போட்டாள்.

“அப்ப என் செட்டு காதைக் கிழிக்குதுன்னு சொல்றாங்களே, அது…?”

மங்களாம்பிகை அவரைப் பார்க்காமல் சொன்னாள். “சில பேர் பாராட்டாத்தாங்க சொல்லுவாங்க.”

இராஜாங்கம் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா. ஒவ்வொன்றிலும் மங்கலாக இருக்கிறதே என்று அந்தக் குமிழைத் திருப்பியிருக்கிறார். அவருக்குத் துலங்கிய இடத்தில் மற்றவர்களுக்கு ஊசி இறங்கியிருக்கிறது. போன வருடம் ஒரு பந்தியில் கைக்குழந்தை ஒன்று விடாமல் அழுததும், அதன் அம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனதும் நினைவுக்கு வந்தன. அது செட்டினாலா, பசியினாலா? இனி எப்படித் தெரிந்துகொள்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் எல்சியைத் தேடிப் போனார். வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். “பாடகர் குழுவுக்கும் போதகர் ஐயா பேசுறதுக்கும் நான் பாத்துக்கிறேன் சிஸ்டர். உங்க கிட்டாருக்கு மட்டும் தஞ்சாவூர்லேர்ந்து வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க. எனக்கு எது சரின்னே தெரியல.”

எல்சி ஐயோ பாவம் என்று ஒன்றும் சொல்லவில்லை. நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரலில், “காதை டாக்டர்கிட்டக் காட்டணும், அது வேற விஷயம். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு ஆறு மணிக்கு என்ன பண்றதுன்னு பார்ப்போம்” என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். “அண்ணே, எனக்கு மட்டும் தெரியும்னு நெனச்சீங்களா? நான் கிட்டாருக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். முன்னாடி இருக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. நானா வாசிச்சு நானா போய்க் கேக்க முடியாதுல்ல.”

அது இராஜாங்கத்துக்கு ஆறுதலாக இல்லை, குழப்பத்தைத்தான் கூட்டியது. வாசிக்கிறவளுக்கும் தெரியாது, செட்டு போடுகிறவனுக்கும் தெரியாது என்றால் பிறகு யாருக்குத்தான் தெரியும்? ஆனாலும் வீரையனை வீட்டுக்கு அனுப்பி மங்களாம்பிகையை அழைத்து வரச் சொன்னார்.

மதியம் முழுக்க மூவரும் வேலை செய்தார்கள். பெட்டிகளைக் கிட்டாருக்கு வெகுவாக முன்னால் தள்ளி வைத்தார்கள், மைக் அவற்றின் முதுகைப் பார்க்கும்படி. மேடையில் எல்சி கேட்பதற்கென்று வைத்த பெட்டியை எடுத்தே விட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு மின்விசிறிகளை வாசிக்கும் நேரத்துக்கு நிறுத்தச் சொல்லி ஜெனித்திடம் கேட்டுக்கொண்டார்கள். கிட்டாரின் மேலொலிக்கு மைக், அடியொலிக்கு ஒட்டிய பிக்கப் என்று பிரித்துக் கலந்தார்கள். மங்களாம்பிகை பந்தலின் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். குத்தினால் உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்குவாள். பத்தாவிட்டால் நிமிர்த்தி ஏற்றுவாள். சரியாக இருந்தால் கை மடியில் இருக்கும்.

அவள் கையைக் கவிழ்க்கக் கவிழ்க்க இராஜாங்கம் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தார். குறையக் குறைய அவர் காதுக்குக் கிட்டார் மூழ்கிப்போனது. “இதுவா? இவ்வளவு மங்கலாவா?” என்று சைகையில் கேட்டார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். எல்சியின் கைபேசியில் முள் படுத்திருந்தது. இரண்டு சாட்சிகள் ஒரு பக்கம், அவருடைய காது ஒரு பக்கம்.

மாலை ஆறு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. ஜெபம், பாடகர் குழு, போதகரின் செய்தி எல்லாம் முடிந்து எல்சி வந்து உட்கார்ந்தாள். இடது காலுக்குக் கீழே ஒரு மனைப்பலகை. வாசிக்கத் தொடங்கினாள்.

இராஜாங்கம் கேட்டது என்னவோ துணியில் சுற்றி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்த சுரங்களைத்தான். அவள் மிக மெதுவாகத் தொட்ட சில இடங்களில் விரல் அசைவது மட்டும் தெரிந்தது. முப்பத்தாறு வருடத்துப் பழக்கத்தில் அவர் வலது கை தானாகவே குமிழுக்குப் போனது. இழுத்துக்கொண்டார். மறுபடி போனது. கடைசியில் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். மங்களாம்பிகையின் கை மடியில்தான் இருந்தது. கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. பின் வரிசையில் பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கூடி எதையோ பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் வெளியே நிற்பதுபோல் அவருக்கு இருந்தது.

மூன்றாவது மெட்டின் நடுவில் அவர் சட்டென்று நிமிர்ந்தார். அடியில், ரொம்ப அடியில், ம்ம் என்று ஒன்று தடித்துக்கொண்டு வந்தது. மங்களாம்பிகைக்கு அது எட்டவில்லை. அவள் கை அப்படியேதான் இருந்தது. மேடையில் எல்சிக்கும் தெரியவில்லை. இன்னும் இரண்டு நொடி விட்டால் அது ஊளையாகிப் பந்தலை உருட்டிவிடும். இராஜாங்கம் தொடைக்கு அடியிலிருந்து கையை உருவி, பிக்கப்பின் சத்தத்தை ஒரு மயிரிழை இறக்கினார். ம்ம் கரைந்துபோனது. நானூறு பேரில் ஒருவருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

இருபது நிமிடம் முடிந்தது. எல்சி எழுந்து நின்றதும் கைதட்டல்.

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். “என்ன ராஜாங்கம், செட்டுல ஏதும் கோளாறா? இன்னிக்கு சத்தமே பத்தலையே. உன் செட்டு மாதிரியே இல்ல.” அவர் போன கையோடு, நடவு ஆட்களை அழைத்து வரும் சவரியம்மாள் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “தம்பி, அந்தப் பொண்ணு நகம் கம்பியில படுறதுகூட என் காதுக்கு வந்துச்சு. நல்லா வச்சிருந்தே.”

இராஜாங்கம் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். இருவரில் யார் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. நகம் கம்பியில் படுகிற சத்தத்தை அவர் கேட்டதேயில்லை.

சொன்னபடியே எல்சி அவரைத் தஞ்சாவூரில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போனாள். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் வேகமாக அழுத்தினார். பிறகு வெகு நேரம் அழுத்துவதற்கு ஒன்றும் வரவில்லை. வருகிறதா என்றும் தெரியவில்லை. பரிசோதித்த பெண், செம்மொழி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், ஒரு தாளைக் காட்டினாள். கோடு பாதி வரை சமமாக வந்து, பிறகு வரப்பிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்குவது போல் சரிந்திருந்தது.

“அதிக சத்தத்துல வேலை பாக்குறவங்களுக்கு இப்படித்தாங்க வரும். போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். மிஷின் வச்சா பேச்சு நல்லாப் புரியும்.”

“ஒரு சந்தேகம்மா” என்றார் இராஜாங்கம். “உங்களுக்குக் கேக்குறதும் இந்த சிஸ்டருக்குக் கேக்குறதும் ஒண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

செம்மொழி எல்சியைப் பார்த்தாள். எல்சி செம்மொழியைப் பார்த்தாள். “அப்படி யாரும் கேட்டதில்லைங்க” என்று சிரித்துவிட்டு, செம்மொழி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

கடையை அவர் மூடவில்லை. பேசும்போது காது மிஷின் வைத்துக்கொள்கிறார். மிக்சர் முன்னால் உட்கார்ந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், அதில் பாட்டு வேறு மாதிரிக் கேட்கிறது என்கிறார். முக்கியமான நிகழ்ச்சிகளுக்கு மங்களாம்பிகையும் வண்டியில் ஏறிக்கொள்கிறாள். முன்பு வந்துகொண்டிருந்த இரண்டு கோயில்கள் சத்தம் போதவில்லை என்று வேறு செட்டுக்குப் போய்விட்டன. தஞ்சாவூரிலிருந்து வீணை வாசிக்கும் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார்.

சித்திரையில் எல்சி போன் செய்தாள். முத்துப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம், வர முடியுமா என்றாள். இராஜாங்கம் மிஷினைக் காதில் சரிசெய்துகொண்டு, தேதியைக் கேட்பதற்கு முன்னால், சத்தம் மோதித் திரும்பும் இடமா என்று தெரிந்துகொள்ள, இதைக் கேட்டார்:

“அங்க கூரை ஓடா சிஸ்டர், தகர ஷீட்டா?”